ஹோலெஸ்கி படுத்தது நல்லதுக்குத்தான்

ஈதர் நாணயம் ஓடும் எத்திரியம் நெட்வொர்க்கில் ஒவ்வொரு அப்கிரேடு நெருங்கும்போதும் கிரிப்டோ குரூப்புகளில் கேட்பது இரண்டே கேள்விதான். தேதி எப்போ? விலை ஏறுமா? நடுவில் டெஸ்ட்நெட்டில் (நிஜப் பணம் இல்லாத வெள்ளோட்ட நெட்வொர்க்) ஏதாவது சொதப்பினால் "இவனுங்க எப்பவும் இப்படித்தான், தள்ளிப்போட்டுட்டே இருப்பானுங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அடுத்து கிளாம்ஸ்டர்டாம் வரப்போகிறது. அதற்கும் இதே புலம்பலைக் கேட்கப்போகிறோம் என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன்: டெஸ்ட்நெட் விழ வேண்டும். விழாத வெள்ளோட்டத்தைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

2025 பிப்ரவரி 24. பெக்ட்ரா அப்கிரேடை ஹோலெஸ்கி டெஸ்ட்நெட்டில் ஏற்றினார்கள். ஈதரைப் பிணையாகக் கட்டி, எந்த பிளாக் சரி என்று ஓட்டுப் போடுபவர்கள் வேலிடேட்டர்கள். புதிதாக வருபவர்கள் கட்டும் டெபாசிட்டை, எக்ஸிக்யூஷன் கிளையண்ட் (பரிவர்த்தனைகளை இயக்கும் மென்பொருள்) இனி அந்த டெபாசிட்டை வாங்கும் கான்ட்ராக்டிலிருந்து தானே படித்து பிளாக்கில் சேர்க்க வேண்டும். பெக்ட்ரா கொண்டுவந்த மாற்றங்களில் அது ஒன்று. அந்த கான்ட்ராக்டின் முகவரி ஹோலெஸ்கியில் வேறு, நிஜப் பணம் ஓடும் மெயின்நெட்டில் வேறு. கெத், நெதர்மைண்ட், பெசு என்ற மூன்று கிளையண்டுகளிலும் ஹோலெஸ்கிக்கான முகவரி கான்ஃபிக்கில் சரியாக இல்லை. அவ்வளவுதான் கோளாறு. எரிகான், ரெத் இரண்டும் சரியாக வைத்திருந்தன, தப்பான பிளாக்கை ஏற்க மறுத்தன. ஆனால் பெரும்பான்மை அந்த மூன்றின் பக்கம். தப்பான செயினுக்கே ஓட்டு விழுந்தது.

"மெயின்நெட்ல முகவரி சரியாத்தானே இருந்துச்சு, அங்க இது நடந்திருக்காதே, அப்புறம் எதுக்கு இவ்வளவு கூப்பாடு?" என்று அப்போது சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி போலத் தெரியும். ஆனால் பக் சின்னது, அதற்குப் பிறகு நடந்ததுதான் விஷயம். தப்பான செயினுக்கு ஓட்டுப் போட்ட வேலிடேட்டர், கிளையண்டைத் திருத்திவிட்டு அப்படியே சரியான செயினுக்குத் தாவ முடியாது. முந்தைய ஓட்டுக்கு முரணாக ஓட்டுப் போட்டால் ஸ்லாஷிங், அதாவது டெபாசிட்டில் வெட்டு. அதைத் தடுக்கத்தான் ஒவ்வொரு வேலிடேட்டரிலும் ஸ்லாஷிங் பாதுகாப்பு இருக்கிறது. இங்கே அந்தப் பாதுகாப்பே அவர்களைக் கட்டிப்போட்டது. கடைசியில் ஒரு நேரம் குறித்து, எல்லோரும் சேர்ந்து அந்தப் பாதுகாப்பை அணைத்துவிட்டு, வெட்டு விழுந்தால் விழட்டும் என்று செயினைத் தூக்கப் பார்த்தார்கள். அதுவும் உடனே பலிக்கவில்லை. ஃபைனாலிட்டி, அதாவது பிளாக்குகள் இனி மாறாது என்ற உறுதி, திரும்பியது மார்ச் 10-ல்தான். பணமே இல்லாத நெட்வொர்க்கில் இரண்டு வாரம். மெயின்நெட்டில் இப்படி ஒரு இரண்டு வாரத்தை நினைத்துப் பாருங்கள்!

அதற்குள் மார்ச் 5-ல் செபோலியா என்ற இன்னொரு டெஸ்ட்நெட்டில் பெக்ட்ரா. அது இன்னும் ருசிகரம். செபோலியாவின் டெபாசிட் கான்ட்ராக்ட் ஒரு டோக்கனைக் கேட்கும், அதனால் டெபாசிட் ஈவென்ட்டோடு (கான்ட்ராக்ட் பதிந்து வைக்கும் குறிப்பு) டோக்கன் டிரான்ஸ்ஃபர் ஈவென்ட்டும் சேர்ந்து வரும். கிளையண்டுகள் இதை எதிர்பார்க்கவில்லை, காலி பிளாக்குகளாக வர ஆரம்பித்தன. சரி, டெபாசிட் போடும் அனுமதி உள்ளவர்கள் சும்மா இருந்தால் போதும் என்று நினைத்தால், யாரோ ஒரு புண்ணியவான் பூஜ்யம் டோக்கனை அந்த முகவரிக்கு அனுப்பி மறுபடி கிளப்பிவிட்டார். பூஜ்யம் அனுப்ப டோக்கன் கையில் இருக்கத் தேவையில்லை, அனுமதியும் வேண்டாம். தங்கள் உரையாடலை அவர் படித்துக்கொண்டிருக்கலாம் என்ற சந்தேகத்தில், டெவலப்பர்கள் திருத்தத்தை வெளியே சொல்லாமல் தங்கள் கையிலிருந்த நோடுகளில் (கிளையண்ட் ஓடும் கணினிகள்) முதலில் ஏற்றினார்கள். இந்த மாதிரி ஆளை எந்த டெஸ்ட் கேஸிலும் எழுதி வைக்க முடியாது.

ஹோலெஸ்கியில் வேலிடேட்டர்கள் வெளியேறும் வரிசை மாதக்கணக்கில் நீண்டதால் ஹூடி என்று புது டெஸ்ட்நெட்டே மார்ச்சில் பிறந்தது. ஏப்ரல் என்று பேச்சிலிருந்த பெக்ட்ரா மே 7-க்குப் போனது, போய் அமைதியாக முடிந்தது. இதற்கு ஒரு மாதத் தாமதம் மலிவு. 2019 ஜனவரியில் கான்ஸ்டான்டினோபிள் அப்கிரேடை, ரீஎன்ட்ரன்சி ஓட்டை (ஒரு கான்ட்ராக்ட் வேலையை முடிக்கும் முன்பே அதை மறுபடி அழைத்து ஏமாற்றும் வழி) தெரிந்ததும், அது ஏறுவதற்கு ஒன்றரை நாள்கூட இல்லாத நிலையில் நிறுத்தினார்களே, அந்த முடிவை எடுக்க என்ன தைரியம் வேண்டும்! முதலாளி என்று ஒருவர் இல்லாத இடத்தில், நோடு ஓட்டும் அத்தனை பேரிடமும் "நிறுத்துங்க" என்று சொல்லி, அவர்களும் கேட்க வேண்டும்.

ஆனால் டெவலப்பர்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு. வெள்ளோட்டம் பெரும்பாலும் 'எல்லாம் சரியாக நடந்தால்' என்ற கணக்கில்தான் போகிறது. ஃபைனாலிட்டி இல்லாமல் ஒரு வாரம் ஓடினால் எந்த கிளையண்ட் மூச்சுத் திணறும் என்று ஹோலெஸ்கி தற்செயலாகக் காட்டியது. அதை வேண்டுமென்றே, அப்கிரேடுதோறும் செய்ய வேண்டும். பெக்ட்ராவுக்கு அடுத்த அப்கிரேடான ஃபுசாகா மெயின்நெட்டில் ஏறிய மறுநாள், 2025 டிசம்பர் 4-ல், டெஸ்ட்நெட்டுகளில் தலைகாட்டாத ஒரு பக் ப்ரிஸம் கிளையண்டைப் படுக்க வைத்தது. லைட்ஹவுஸ், டேகு, நிம்பஸ் என்று மற்றவை நின்றதால் செயின் தப்பியது. ப்ரிஸம் கையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேலிடேட்டர்கள் இருந்திருந்தால் ஃபைனாலிட்டி போயிருக்கும்.

(இடையில் ஒன்று: அப்கிரேடு சமயத்தில் "உங்க ஈதரைப் புது காயினா மாத்திக்கோங்க" என்று லிங்க் வந்தால் தொடாதீர்கள். சும்மா வைத்திருப்பவர் எதுவுமே செய்ய வேண்டியதில்லை.)

கிளாம்ஸ்டர்டாமில் பிளாக்கை யார் கட்டுகிறார், யார் முன்மொழிகிறார் என்ற பிரிவினையே புரோட்டோகாலுக்குள் வருகிறது. வேலிடேட்டர் வேலையின் நேரக்கணக்கே மாறும். இது முகவரி மாறிப்போன கதையைவிடப் பல மடங்கு சிக்கல். அது இரண்டு மாதம் தள்ளிப்போனால் நான் ஒரு வார்த்தை திட்டமாட்டேன்.