பெரிய டயருக்கு முன்பே ஆக்சில்

ஜீப் ரேங்ளர் டீஜே, அதாவது 1997 முதல் 2006 வரை வந்த மாடல், வைத்திருக்கும் நண்பர்கள் பலர் முதலில் 35 அங்குல டயருக்குப் பணம் சேர்க்கிறார்கள். இரு சக்கரங்களையும் இணைத்துச் சுழற்றும் அச்சுத் தொகுதியான ஆக்சிலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பின் ஆக்சிலுக்குப் பணம் ஒதுக்க முடியாதவர்கள் 31 அங்குல டயரோடு நிற்பதே நல்லது.

பெரிய டயர் வெறும் அழகுக்காக என்று நான் சொல்லவில்லை. லிஃப்ட் கிட் வண்டியின் உடலைத்தான் உயர்த்தும். ஆக்சிலின் நடுவில் தொங்கி, விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் இருந்த உயரத்திலேயே இருக்கும். அதைத் தரையிலிருந்து மேலே தூக்குவது டயர் மட்டுமே. 30 அங்குலத்திலிருந்து 35க்குப் போனால் இரண்டரை அங்குலம் கிடைக்கும். கலிஃபோர்னியாவின் ருபிகான் டிரெயில் போன்ற பாறைப் பாதையில் அந்த இரண்டரை அங்குலத்தின் அருமை, அங்கே ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அதற்கான விலையைக் கொடுப்பது, ஆக்சிலுக்குள் இருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஆக்சில் ஷாஃப்ட். ஷாஃப்டை முறியாமல் இதுவரை காப்பாற்றி வந்தது டயரின் வழுக்கல்தான். விசை அளவுக்கு மீறும்போது டயர் சுற்றிவிடும், ஷாஃப்ட் தப்பிவிடும். டயரின் ஆரம் கூடும்போது, அதை வழுக்க வைக்கத் தேவையான முறுக்குவிசையும் அதே விகிதத்தில் கூடுகிறது. 30க்குப் பதில் 35 என்றால் ஏறத்தாழ 17 சதவீதம். காற்றைக் குறைத்து, மென்மையான ரப்பர் பாறையைக் கவ்விக்கொண்டால் இன்னும் கூடும். இதன்மேல், இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்றும்படி பூட்டிவிடும் லாக்கரும் போட்டால் நிலைமை வேறு. சாதாரண டிஃபரென்ஷியலில் இரு பக்கமும் ஒரே அளவு விசைதான் போகும். ஒரு சக்கரம் வழுக்கினால் மற்றதற்கும் அந்தக் குறைந்த அளவே கிடைக்கும். லாக்கர் பூட்டிய நிலையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால், மொத்த விசையும் பிடிப்புள்ள பக்கத்து ஷாஃப்ட் ஒன்றின் மேலேயே இறங்கும். எஞ்சின் தரும் சுமார் 300 நியூட்டன் மீட்டர், முதல் கியர், மெதுவாக அதிக விசையோடு ஓட்ட உதவும் லோ ரேஞ்சின் 2.72 விகிதம், ஆக்சிலின் 3.73 விகிதம் ஆகிய எல்லாவற்றாலும் பெருகி வரும்போது பதினோராயிரத்தைத் தாண்டிவிடும்.

இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றின் பின்னால் இருப்பது டானா 35 என்ற ஆக்சில். அதன் ஷாஃப்ட் 27 ஸ்ப்லைன், அதாவது நுனியில் 27 பற்கள், 1.18 அங்குலத் தடிமன். அதைவிடப் பெரிய டானா 44 ஆக்சிலின் ஷாஃப்ட் 30 ஸ்ப்லைன், 1.31 அங்குலம். பார்வைக்குச் சிறிய வித்தியாசம்தான். ஆனால் முறுக்கைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுவதால், டானா 44 ஷாஃப்ட், டானா 35 ஷாஃப்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாகத் தாங்கும். பெரிய டயர் போட்டவர்கள் எதிர்பாராமல் மாட்டிக்கொள்வது இன்னோர் இடத்தில். டானா 35இல் ஷாஃப்டை உள்ளிருந்து பிடித்து வைத்திருப்பது ஒரு சிறிய சி கிளிப் மட்டுமே. கிளிப்புக்கு வெளியே ஷாஃப்ட் முறிந்தால், சக்கரம் டிரம்மையும் முறிந்த துண்டையும் இழுத்துக்கொண்டு குழாயைவிட்டு வெளியே வந்துவிடக்கூடும். பாறைமேல் நடந்தால் அன்றைய பயணம் முடிந்தது என்று விட்டுவிடலாம். வீடு திரும்பும் நெடுஞ்சாலையில் நடந்தால்? எனக்கு இதுதான் முதல் கவலை.

நண்பர் ஒருவரின் வண்டியில் டானா 35 ஷாஃப்டைக் கழற்றியபோது நானும் உடனிருந்தேன். நேராக ஓட வேண்டிய ஸ்ப்லைன் பற்கள் முறுக்கிய கயிறுபோல் சாய்ந்திருந்தன. ஷாஃப்ட் முறியவில்லை, ஓட்டும்போது ஒரு சத்தமும் கேட்டதில்லை. கழற்றாமல் இருந்திருந்தால் அடுத்த பயணத்திலும் அதே ஷாஃப்டோடுதான் போயிருப்பார்.

டானா 35க்கே குரோமோலி என்ற வலுவான எஃகில் செய்த ஷாஃப்ட் போட்டுப் பலப்படுத்தலாமே என்று கேட்பார்கள். 33 அங்குல டயரோடு நிற்பவர்களுக்கு அது நியாயமான வழி. 35க்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஷாஃப்ட் மட்டும் பலமாகும். டிஃபரென்ஷியலில் உள்ள பெரிய பற்சக்கரமான கிரவுன் வீல் அதே ஏழரை அங்குலம்தான். பெரிய டயருக்காக 4.88 போன்ற கியர் விகிதத்துக்குப் போகும்போது, கிரவுன் வீலைச் சுழற்றும் சிறிய பற்சக்கரமான பினியன் இன்னும் சிறுத்துப் பலம் குறையும்.

என் பரிந்துரை, 1995 முதல் 2001 வரையிலான ஃபோர்டு எக்ஸ்புளோரரின் 8.8 ஆக்சில். காயலான் கடைகளில் கிடைக்கும். 31 ஸ்ப்லைன் ஷாஃப்ட், 8.8 அங்குல கிரவுன் வீல், டிஸ்க் பிரேக், டீஜேயில் உள்ள அதே ஐந்து போல்ட் அமைப்பு. அகலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இதிலும் சி கிளிப்தான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஷாஃப்ட் தடிமன் அதிகம். முறிந்தாலும் டிஸ்க் பிரேக்கின் காலிப்பர் சக்கரத்தை ஓரளவு பிடித்து நிறுத்தும். வேலை வெல்டிங்கில்தான் இருக்கிறது. எக்ஸ்புளோரரின் பட்டை ஸ்பிரிங் தாங்கிகளை வெட்டியெடுத்து, டீஜேயின் காயில் ஸ்பிரிங்குக்கும், ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்து வைக்கும் கன்ட்ரோல் ஆர்முக்கும் புதிய தாங்கிகளைப் பற்றவைக்க வேண்டும். பினியன் கோணம் தவறினால் டிரைவ் ஷாஃப்ட் அதிரும். நடுவிலுள்ள வார்ப்பிரும்புக் கூட்டில் குழாய்கள் அழுத்திப் பொருத்தப்பட்டவை. அவை திரும்பிவிடாமலிருக்கச் சுற்றிலும் பற்றவைப்பது அவசியம். வார்ப்பிரும்பைச் சூடேற்றிவிட்டுப் பற்றவைத்து மெதுவாக ஆறவிடத் தெரிந்தவரிடம் மட்டுமே இதைக் கொடுங்கள்.

ஆக்சில் திறந்திருக்கும்போதே கியர் விகிதத்தையும் மாற்றிவிடுங்கள். 30 அங்குல டயரோடு 3.73 ஆக இருந்தது, 35 மாட்டியதும் 3.2 போல நடந்துகொள்ளும், 4.56 ஆவது வேண்டும். முன் ஆக்சிலிலும் அதே விகிதம் இல்லாமல் ஃபோர்வீல் போடவே கூடாது. முன்னாலுள்ள டானா 30, நல்ல ஷாஃப்டும் நிதானமான காலும் இருந்தால் 35ஐச் சமாளிக்கும்.

இன்னும் பெரிய ஆக்சிலான டானா 60 வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதன் கிரவுன் வீல் 9.75 அங்குலம், அந்தக் கனத்த கூடு, டயரால் கிடைத்த உயரத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். 37க்கு மேல் போகாத, எடை குறைந்த டீஜேக்கு அது தேவையில்லை.

ஏற்கெனவே 35 மாட்டிவிட்டவர்கள் வண்டிக்கு அடியில் படுத்துப் பின் ஆக்சில் மூடியைப் பாருங்கள். எண்ணெய் ஊற்றும் துளையில் ரப்பர் அடைப்பான் இருந்தால் அது டானா 35. அடுத்த பயணத்துக்கு முன் இரு ஷாஃப்டுகளையும் கழற்றி ஸ்ப்லைன்களைச் சோதியுங்கள். லாக்கருக்கு ஆர்டர் கொடுத்திருந்தால், ஆக்சில் மாறும்வரை அதைப் பெட்டியிலேயே வைத்திருங்கள்.