விதைக்கு விட்டது, ஆயாதையுங்கோ

தைப்பொங்கலுக்கு முன்னம் ஒரு விதைப் பைக்கற் வாங்கினேன். 'பாரம்பரிய நாட்டுப் பயித்தங்காய்' என்று வடிவாக அச்சடித்திருந்தது. உள்ளே எட்டு விதை. எந்த ஊரில் எடுத்தது, எந்த வருசம் காயவைத்தது, கொடி எவ்வளவு உயரம் ஏறும், ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. எட்டில் மூன்று முளைத்தது. அந்த மூன்றில் ஒன்று பந்தல் பக்கமே போகாமல் குட்டையாக நின்று கௌபி மாதிரிச் சாண் நீளத்தில் காய்க்கிறது.

விற்றவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர் செய்ததைத்தான் நாங்களும் வீட்டில் செய்துகொண்டிருக்கிறோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் காய் ஆய்வோம். நீளமானது, பிஞ்சானது, வடிவானது எல்லாம் கறிச் சட்டிக்குப் போகும். இலைக்குப் பின்னால் ஒளிந்திருந்து தப்பினது முற்றி விதையாகும். இல்லாவிட்டால் கொடி களைத்து, அழுக்கணவன் பூச்சி பிடித்து, இனிப் பிடுங்கலாம் என்ற நிலைக்கு வந்தபிறகு தொங்கும் கடைசி நாலு காயை 'விதைக்கு இருக்கட்டும்' என்று விடுவோம். அப்புறம் நாலைந்து வருசத்தில் 'முந்தி மாதிரிக் காய்க்குதில்லை, விதை கெட்டுப்போச்சு' என்று புலம்புவோம். மிச்சத்தை விதையாக எடுத்தால் வேறென்ன வரும்?

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் அப்பம்மா இதை நேரெதிராகச் செய்தவ. முதல் இரண்டு ஆய்ச்சலும் கறிக்கு. அந்தப் பத்து நாளும் எந்தக் கொடி எப்படி நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பா. பிறகு பழைய சேலைக் கரையைக் கிழித்து, நல்லதாக நிற்கும் கொடிகளின் அடியில் கட்டிவிடுவா. கட்டினால் கட்டினதுதான். வீட்டுக்கு ஆர் வந்தாலும், கறிக்கு ஒன்றுமில்லாவிட்டாலும், அந்தக் கொடியில் கை வைக்க ஏலாது. பெரியாக்கள் என்றால் "அது விதைக்கு விட்டது, ஆயாதையுங்கோ" என்பா. எங்களுக்கு என்றால் ஒரு பார்வைதான்.

அவவுடைய பயித்தங்காய்க்குப் பேர் ஒன்றும் கிடையாது. காய் முழங்கையை விட நீளம், வெளிர் பச்சை, நுனி மட்டும் கத்தரிப்பூ நிறம். பூவும் அதே நிறம். விடிய விரிந்து மத்தியானத்துக்குள் சுருங்கிவிடும். விதை மண்ணிறம், ஒரு பக்கத்தில் பால் சொட்டினது மாதிரி வெள்ளை. ஒடியல் கூழுக்குள் போட்டால் கரையாமல் நிற்கும். நான் வேறு எதற்காக இல்லாவிட்டாலும் கூழுக்காகவாவது இதை வைத்திருப்பேன்.

ஒரு விசயத்தைச் சரியாகச் சொல்லவேண்டும். ஒரே கொடியின் முதல் காய்க்கும் கடைசிக் காய்க்கும் பரம்பரையில் வித்தியாசம் இல்லை. பயித்தம் பூ விரியும்போதே தன் மகரந்தத்தைத் தானே எடுத்து முடித்திருக்கும். வண்டு வந்து கலப்பது குறைவு. ஆகவே பார்க்கவேண்டியது எந்தக் கொடி என்பதைத்தான். கடைசிக் காயின் பிரச்சினை வேறு: கொடியில் பலம் இல்லாத நேரம் வந்த விதை சூம்பியிருக்கும், பூச்சி கூடியிருக்கும். இலையில் மஞ்சளும் பச்சையுமாகச் சித்திரம் போட்டதுபோல் வரும் வைரசு நோய்களில் சிலது விதை வழியாகவும் அடுத்த போகத்துக்குப் போகும், அழுக்கணவன் மிச்சத்தைப் பரப்பும். அப்படி இலை கண்ட கொடி எவ்வளவு காய்த்தாலும் அதில் விதை எடுக்காதீர்கள். ஒரே ஒரு கொடியை மட்டும் நம்பவும் வேண்டாம். பத்துப் பன்னிரண்டு கொடியிலாவது எடுத்துக் கலந்து வைத்தால் அந்த இனத்துக்குள் இருக்கிற சின்னச் சின்ன வேறுபாடுகள் தங்கும். பக்கத்தில் கௌபி போடாதீர்கள். இரண்டும் ஒரே இனம்தான், எப்போதாவது கலக்கும். கலந்தது அந்த வருசக் காயில் தெரியாது, அடுத்த வருசம்தான் முழிக்கும். என் குட்டைக் கொடியின் கதை அதுவாக இருக்கலாம்.

இன்னொன்று. 'கடை விதை எல்லாம் ஹைபிரிட், மலட்டு விதை, ஒருமுறைதான் முளைக்கும்' என்று பதிவுக்குப் பதிவு எழுதுகிறார்கள். தக்காளி, மிளகாய், கோவா என்றால் ஹைபிரிட் பேச்சில் நியாயம் இருக்கிறது. அங்கேயும் அது மலடு கிடையாது. விதை முளைக்கும், பிள்ளைகள் தாயைப்போல் வராது, அவ்வளவுதான். பயித்தங்காயில் ஹைபிரிட் விதை செய்வதென்றால் ஒவ்வொரு பூவாகக் கையால் பிரித்து மகரந்தம் நீக்கிக் கலக்கவேண்டும். அந்தக் கூலிக்குக் கட்டாது. அதனால் கடையில் வாங்கும் பயித்தங்காயிலும் பெரும்பாலும் விதை எடுத்துத் திரும்பப் போடலாம். எங்கள் சோம்பலுக்குக் கம்பனியைக் குற்றம் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை.

சரி, எப்போது விதைக்கு விடுவது? மாரியில் விடாதீர்கள். நான் 2024இல் அந்தப் பிழையை விட்டேன். கார்த்திகைக் கடைசியில் குடாநாடே வெள்ளத்தில் நின்றபோது என் விதைக்காய்கள் கொடியில் தொங்கியபடியே கோதுக்குள் முளைத்துக் கிடந்தன. தை மாதம் மழை ஓய்ந்தபிறகு போட்டு, கிணற்றுத் தண்ணி இறைத்து வளர்த்தால், பங்குனி சித்திரை வெயிலில் காய் கொடியிலேயே காயும். கோது சருகாகி, ஆட்டினால் உள்ளே விதை கிலுகிலுக்கவேண்டும். அதற்குப் பிறகும் சுளகில் பரப்பி இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள், உச்சி வெயிலைத் தவிர்த்து. பல்லால் கடித்துப் பார்த்தால் பதியக்கூடாது. சுத்தியலால் தட்டினால் நசியாமல் தெறிக்கவேண்டும். நசிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

அப்புறம் விதையைத் தின்னும் வண்டு. போத்தலை இறுக்கி மூடி வைத்தேன், எப்படி உள்ளே வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. அது போத்தலுக்குள் வரவில்லை, தோட்டத்திலேயே முட்டையாக வந்துவிட்டது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் விதையைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும், திரும்ப முட்டை போடும், ஆறு மாதத்தில் போத்தலில் மாவுதான் மிஞ்சும். அப்பம்மா விறகுச் சாம்பலை அரித்து, ஆறவிட்டு, விதையோடு கலந்து, நிரம்ப நிரம்ப அடைத்து வைப்பா. வண்டு அசைய இடமில்லை, சாம்பல் அதன் மேல்தோலை உரசி உலர்த்திவிடும். இப்போது குசினியில் காஸ். சாம்பலுக்கு எங்கே போவது? நான் நன்றாகக் காய்ந்த விதையைப் போத்தலில் போட்டு பிரிட்ஜின் மேல்தட்டில், ஐஸ் கட்டும் பகுதியில், ஒரு கிழமை வைக்கிறேன். ஈரமான விதையை வைத்தால் முளை செத்துவிடும், கவனம். வெளியே எடுத்தவுடன் மூடியைத் திறக்காதீர்கள். போத்தலின் குளிர் போகும்வரை ஒரு நாள் இருக்கட்டும். இல்லாவிட்டால் வியர்த்து, பட்ட பாடெல்லாம் வீண். போத்தலில் ஊரையும் வருசத்தையும் எழுதி ஒட்டுங்கள். நான் எழுதாமல் விட்ட இரண்டு போத்தல் இன்னும் இருக்கிறது, என்ன விதை என்று எனக்கே தெரியாது.

1995 ஒக்டோபர் 30, யுத்தத்தில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த இரவு. அந்த இரவை அனுபவித்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மழைக்குள்ளால் நாவற்குழிப் பாலம் தாண்டிப் போனபோது ஆரும் விதைப் போத்தலைத் தூக்கவில்லை. அடுத்த வருசம் சித்திரையில் திரும்பி வந்தபோது குசினிக்குக் கூரை இல்லை. போத்தல் உடைந்து, விதை எலிக்குப் போயிருந்தது. எங்கள் பயித்தங்காய் அன்றோடு முடிந்திருக்கவேண்டும். முடியாததற்குக் காரணம் மட்டுவிலில் கட்டிக்கொடுத்த மாமி. பல வருசத்துக்கு முன் அப்பம்மா அவவுக்கு ஒரு பிடி கொடுத்திருந்தா, அவ விடாமல் போட்டுக்கொண்டு வந்திருக்கிறா. மட்டுவில் என்றால் எல்லாருக்கும் கத்தரிக்காய்தான் நினைவு வரும். எனக்கு மாமியின் பயித்தம் பந்தல்.

கண்டிக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் அரசாங்கத்தின் பயிர் மரபு வள நிலையம் குளிரறையில் விதை சேமிக்கிறது. நல்ல வேலை, அது இருக்கவேண்டும். ஆனால் கூழ் காய்ச்ச நினைக்கும் நாளில் அங்கே போய்க் கேட்க முடியுமா?

எங்கள் ஊரில் கொடி இனங்கள் அருகியதற்கு நான் நினைக்கும் பெரிய காரணம் கடை விதையே இல்லை, மதில். கிளுவங்கதியாலும் பூவரசங்கதியாலும் நின்ற வேலியில் அவரையும் சிறகவரையும் செலவில்லாமல் ஏறின. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் தன் பக்கம் தொங்குவதை ஆய்வார், விதையும் தானாகவே அங்கே போகும். வெளிநாட்டுக் காசு வந்தது, வேலியை வெட்டி மதில் கட்டினோம். பங்குனி வெயிலில் சீமெந்து மதிலைத் தொட்டுப் பாருங்கள், எந்தக் கொடி அதில் ஏறும்? என் வீட்டிலும் மூன்று பக்கம் மதில்தான், ஒளிக்கவில்லை.

இந்த முறை பன்னிரண்டு கொடிக்குக் கரை கட்டினேன். இப்போது பதினொன்று. போன ஞாயிறு நான் இல்லாத நேரம் கொழும்பிலிருந்து ஆக்கள் வந்தார்கள் என்று அம்மா ஒன்றை மொட்டையாக்கிப் பால்கறி வைத்துவிட்டா. "துணி நிறம் மங்கிப்போச்சு, தெரியேல்லை" என்கிறா. நம்பவில்லை. கறி நன்றாக இருந்தது.

கடைசியாக ஒரு கேள்வி. அப்பம்மாவிடம் ஒரு அவரையும் இருந்தது. வெள்ளைப் பூ, அகலமான காய், ஓரத்தில் ஊதாக் கோடு, விதை கறுப்பு. அது மட்டுவிலிலும் இல்லை. பழைய அவரை பகல் சுருங்கினால்தான் பூக்கும். எங்கள் ஊரில் நீளப் பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலம் சொச்சம்தான் வித்தியாசம், அது அந்தக் கொடிக்குத் தெரியும். தையில் போட்டுவிட்டு மாதக்கணக்காக வெறும் இலையைப் பார்த்து 'மலடு' என்று பலபேர் பிடுங்கி எறிந்திருப்பார்கள். உங்கள் வேலியில் எங்கேயாவது மார்கழியில் இப்படி ஒன்று வெள்ளையாகப் பூத்ததைக் கண்டிருந்தால் கீழே சொல்லுங்கள். பத்து விதை போதும். மாற்றுக்குப் பயித்தம் விதை தருவேன். ஆவணிக்கு முன் கிடைத்தால் இந்த வருசமே போட்டுவிடலாம், மதில் இல்லாத அந்த நாலாவது பக்கம் சும்மாதான் கிடக்கிறது.