கொப்பியில் மூன்று சரி, இரத்தத்தில் நாலு

எங்கள் சித்தப்பா ஒட்டுசுட்டான் பக்கம் வயல் செய்தவர். இப்போது கிழமைக்கு இரண்டு தரம் விடியப்புறம் பஸ் ஏறி, மாங்குளத்தில் மாறி, சிறுநீரகம் பழுதானதால் நாலு மணித்தியாலம் மெஷினில் கிடந்து இரத்தம் சுத்திகரித்துவிட்டு (டயாலிசிஸ்) வருகிறார். அவருடைய கிளினிக் கொப்பியில் இரத்தத்தால் தொற்றி ஈரலைப் பழுதாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கான ஊசிக்கு (ஊரில் செங்கமாரி ஊசி) மூன்று சரி போட்டிருந்தது. சரி, அந்தக் கவலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

பிறகு ஒருநாள் வெளியில் காசு கொடுத்து எதிர்ப்புச்சக்தி சோதித்துப் பார்த்தோம். குறைந்தது 10 இருக்க வேண்டும், இவருக்கு 4. "அப்ப மூன்று தரம் குத்தினது தண்ணியே?" என்று சித்தி கேட்டா.

தண்ணி இல்லை. சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் தேங்கும் கழிவு நோயெதிர்ப்புக் கலங்களையும் மந்தமாக்கிவிடும், ஊசி சொல்லிக்கொடுப்பதை உடம்பு சரியாகப் படிக்காது. சுகதேகிகள் நூறு பேருக்குப் போட்டால் தொண்ணூறுக்கு மேல் பிடிக்கும், டயாலிசிஸ் செய்கிறவர்களில் ஐம்பது அறுபது பேருக்குத்தான், சில இடங்களில் கொஞ்சம் கூடுதல் பேருக்கு. அதனால்தான் மற்றவர்களுக்கு 20 மைக்ரோகிராம் என்றால் இவர்களுக்கு 40, பெரும்பாலும் 0, 1, 2, 6ஆம் மாதங்களில் நாலு தரம். சித்தப்பாவுக்குப் போட்டது சாதாரண அளவு. எங்கே என்று எழுதவில்லை, சண்டை பிடிக்க வரவில்லை. ஆனால் கடைசி ஊசி போட்டு ஒன்று இரண்டு மாதத்தில் சோதித்துப் பாருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லையே என்ற கோபம் இன்னும் இருக்கிறது. ஒரே மண்டபத்தில் பத்துப் பேருடைய இரத்தம் ஓடுகிற இடம் அது.

"அப்ப ஊசியே வேண்டாம்" என்பவர்களோடும் எனக்கு ஒத்துவராது. ஐரோப்பாவில் 2020இல் கொரோனா வந்த டயாலிசிஸ் நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஒரு மாதத்துக்குள் செத்துப்போனார்கள். ஊசி வந்தபின், இரண்டு போட்டும் பலருக்கு எதிர்ப்புச்சக்தி குறைவாகத்தான் வந்தது, சீக்கிரம் இறங்கியும் விட்டது, ஆனாலும் போட்டவர்கள் போடாதவர்களை விடக் குறைவாகவே செத்தார்கள், மூன்றாவது போட அளவு நன்றாக ஏறியது. அரைக்குடை என்றாலும் மழைக்குக் குடைதான்.

எனக்கு உண்மையில் உறுத்துவது வேறு. பதவியாப் பக்கம் 1990களில் பேசத் தொடங்கிய காரணம் தெரியாத சிறுநீரக நோய் வவுனியா, முல்லைத்தீவிலும் இருக்கிறது. எங்கள் ஆட்கள் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தச் சோதனை) எழுதிய கொப்பியோடு வருடக்கணக்கில் கிளினிக்குக்கு அலைகிறார்கள், மெஷினில் ஏறுவது கடைசியில்தான். செங்கமாரி ஊசி நன்றாகப் பிடிக்கக்கூடியது அந்த முன் வருடங்களில். அப்போதே கேளுங்கள், கிளினிக்கில் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். நாட்டில் பிள்ளைகளுக்கு இந்த ஊசி 2003இல்தான் வந்தது, எங்கள் வயதுக்காரர் அநேகருக்கு ஒன்றுமே இல்லை.

சித்தப்பாவுக்கு 40இல் திரும்ப நாலும் போட்டோம். இப்போது 60 சொச்சம். வருடத்துக்கு ஒருதரம் பார்க்க வேண்டும், 10க்குக் கீழே இறங்கினால் இன்னொன்று. வீட்டில் நாங்களும் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டோம், அவருக்குக் கொண்டுபோய்க் கொடுக்காமல் இருக்க. சித்தி மட்டும் இன்னும் போடவில்லை, அவவுக்கு ஊசியைக் கண்டாலே பயம்.