மேனகா காந்திக்கு அப்போது நான்கு வயது

‘இந்தியாவில் விலங்குவதைத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் மேனகா காந்தி’ என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. அந்தச் சட்டம் 1960இல் இயற்றப்பட்டது. மேனகா பிறந்தது 1956இல்.

சட்டத்துக்கு வித்திட்டவர் ருக்மிணி தேவி அருண்டேல். ஆம், கலாக்ஷேத்ராவை நிறுவிய அதே ருக்மிணி தேவிதான். 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர், மறு ஆண்டே விலங்குவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா) ஒன்றைக் கொண்டுவந்தார். அப்போது நடைமுறையில் இருந்தது 1890ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலச் சட்டம். அரசே இதைக் கவனிக்கும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததால் மசோதாவைத் திரும்பப் பெற்றார். பிறகு குழு அமைந்தது, 1960இல் சட்டம் வந்தது. அதன்கீழ் 1962இல் உருவான விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். அதன் தலைமையகமும் பல்லாண்டுகள் சென்னையில்தான் இருந்தது.

மேனகாவின் பணியைக் குறைத்துச் சொல்லவில்லை. 1992இல் அவர் தொடங்கிய ‘பீப்பிள் ஃபார் அனிமல்ஸ்’ அமைப்பும் அதன் காப்பகங்களும் எத்தனையோ உயிர்களுக்கு அடைக்கலம் தந்துள்ளன. ஆனால் நம் ஊர்ப் பெண்மணி ஒருவர் நாடாளுமன்றத்தில் வாதாடிப் பெற்ற சட்டத்தில் அவர் பெயரே மறைந்துபோவது வருத்தமளிக்கிறது. அந்தச் செய்தியை அனுப்பியவருக்கு இதையும் அனுப்புங்கள்.