‘நிதி வாங்கிட்டேன்’ என்றால் எந்தக் கட்டம்?
ஒரு பேட்டியில் எம்.எல்.ஏ. ஒருவர் "சாலைக்கும் ரேஷன் கடைக்கும் நிதி வாங்கிட்டேன்" என்கிறார். சரி, அரசாணை எண், தேதி? சட்டசபையில் 110 விதியில் (விவாதமில்லாமல் அறிக்கை வாசிக்கும் விதி) முதல்வர் படித்தாலும், மானியக் கோரிக்கையில் (துறைவாரி நிதி விவாதம்) அமைச்சர் சொன்னாலும் அது அறிவிப்புதான். பிறகு நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், பணி ஆணை எல்லாம் வரணும். பெரும்பாலும் முட்டுவது நிலத்தில். கட்டடத்துக்கு இடம் காட்டியிருப்பார்கள். சர்வே எண்ணைப் பார்த்தால் நீர்நிலைப் புறம்போக்கு (ஏரி, குளத்துக்கான அரசு நிலம்; கட்டடம் கட்ட முடியாது) என்றிருக்கும். கோப்பு அங்கேயே படுத்துவிடும்.

தொகுதி மேம்பாட்டு நிதி (ஆண்டுக்கு 3 கோடி) வேறு கணக்கு. அதில் எம்.எல்.ஏ. பரிந்துரைப்பார், அனுமதி தருவது கலெக்டர். பணம் எம்.எல்.ஏ. கைக்கே வராது. ஆனாலும் கல்வெட்டில் பெயர் மட்டும் பெரிதாக இருக்கும்!

சாலை ஊராட்சியுடையதா, ஊராட்சி ஒன்றியத்துடையதா, நெடுஞ்சாலைத்துறையுடையதா என்று முதலில் பாருங்கள். அலுவலகம் மாறி மனு கொடுத்தால் 'எங்கள் வரம்பில் இல்லை' என்றுதான் பதில் வரும்.

2022-ல் 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' திட்டத்துக்கு ஒவ்வொரு எம்.எல்.ஏ.விடமும் 10 முக்கியக் கோரிக்கைகள் கேட்டார்களே, அந்தப் பட்டியலில் எத்தனை முடிந்தது? அதைப் பற்றிப் பேட்டியில் ஒரு வரி இல்லை. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, கலெக்டர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு இதைக் கேட்டு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனு போடுங்கள். 30 நாளில் பதில் தரணும்.