கேம் ஆடுற பசங்களை எழுப்பி நிக்க வெச்சவங்களுக்கு

நேத்து பேரண்ட்ஸ் மீட்டிங்ல நடந்தது இங்க பாதிப் பேருக்குத் தெரியும், குரூப்ல ஓடிக்கிட்டே இருந்துச்சு. கேம் ஆடுற பசங்களை எழுப்பி, பெத்தவங்க முன்னாடி நிக்க வெச்சு, "இவனுங்க உருப்பட மாட்டானுங்க"ன்னு டீச்சருங்க சொன்னது எனக்கு இன்னும் ஆறல. அதுல எங்க அக்கா பையனும் ஒருத்தன்.

அவன் பிஜிஎம்ஐ, அதான் போன்ல ஆடுற துப்பாக்கிச் சண்டை கேம், ஆடும்போது பக்கத்துல உக்காந்து பார்த்திருக்கேன். புதுத் துப்பாக்கின்னா நேரா மேட்ச்சுக்குப் போக மாட்டான், ட்ரெயினிங் கிரவுண்ட்ல ரிகாயில் (சுடும்போது துப்பாக்கி உதைக்கறது) கைக்கு அடங்குற வரைக்கும் சுட்டுக்கிட்டே இருப்பான். அவுட்டானா, எவன் எங்கருந்து அடிச்சான்னு ரீப்ளே பார்த்து, கூட ஆடுற ஸ்க்வாட் பசங்ககிட்ட பேசி, திரும்ப இறங்குவான். யாரும் சொல்லாமலே. இவனுக்குத்தான் கணக்குல கவனமே இல்லையாம்!

கேமை கிளாசுக்குள்ள கொண்டு வாங்கன்னு நான் சொல்லல. அது எப்படிக் கத்துக்குடுக்குதுன்னு பாருங்கன்னுதான் சொல்றேன். தப்பு பண்ணா அப்பவே தெரியுது, எங்க தப்புன்னு தெரியுது, மறுபடி ஆட விடுது. நான் ஒன்பதாவது படிக்கும்போது கணக்குப் பேப்பர் கைக்கு வந்துச்சு, மேல சிவப்பு மையில மார்க் மட்டும், எந்த ஸ்டெப்ல விட்டேன்னு ஒரு கோடு கூட இல்ல, கேட்டதுக்கு வீட்ல போய்ப் பாருன்னாங்க, எங்க வீட்ல யாருக்கு அல்ஜீப்ரா தெரியும்? இன்னிக்கு வரைக்கும் எனக்கு அது பயம்தான்.

"அடிமையாயிடுவான்"னு வருவீங்க. ஆகுறாங்கதான், உலக சுகாதார நிறுவனமே அதை நோய்ப் பட்டியல்ல சேர்த்திருக்கு, ராத்திரி போனை வாங்கி வைங்க, யார் வேணாம்னா.

ஆனா "விளையாட்டும் படிப்பும் ஒண்ணா"ன்னு கேக்கறீங்க பாருங்க, அதான் வலிக்குது. நம்ம ஊர்லயே நடந்துச்சுங்க. 2003ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல ஆரம்பிச்ச செயல்வழிக் கற்றல்: ஏணிப்படி மாதிரி அடுக்கின பாட அட்டைகள், ஒரு மைல்கல் தாண்டினாத்தான் அடுத்தது, வரலையா இன்னொரு அட்டை, ஒவ்வொரு புள்ளையும் அது அது வேகத்துல. கேம்ல லெவல் போற அதே முறைதான். நாலாவது வரைக்கும் சரின்னு பட்டது எட்டாவது பையனுக்கு மட்டும் ஏன் ஆகாது? ஃபோல்டிட்னு ஒரு கேம், புரதத்தோட வடிவத்தைப் புதிர் மாதிரி மடிச்சுப் பார்க்கறது, அதை ஆடுற சாதாரண ஆளுங்க 2011ல குரங்கு வைரஸ் ஒண்ணோட என்சைம்ங்கற புரதம் எந்த வடிவத்துல இருக்குன்னு கண்டுபிடிக்க உதவினாங்க, விஞ்ஞானிங்க வருஷக்கணக்கா திணறினது அது. அவங்களும் உருப்படாதவங்களா?

அவன் நேத்து ராத்திரி சாப்பிடல. அவங்கம்மா தலைகுனிஞ்சு நின்னதுதான் அவனுக்குப் பெருசாப் போச்சு. அடுத்த மீட்டிங்குக்கு அக்காவோட நானும் வருவேன், அவனோட கணக்குப் பேப்பரை எடுத்துட்டு. எந்த ஸ்டெப் தப்புன்னு எழுதிக் குடுங்க, அதே கணக்கை அவனை இன்னொரு தடவை போட விடுங்கன்னு எல்லார் முன்னாடியும் கேப்பேன்.