வேகம் தானாக வரும்

புதிதாகச் சேரும் மருத்துவ உதவியாளர்களுக்கு வேகம் போதவில்லை என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. முதல் நாளிலிருந்தே வேகத்தைக் கேட்பதுதான் சிக்கலே. பிபி பார்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியை 5 நிமிடம் பேசாமல் உட்காரவைத்து, பாதம் தரையில் படும்படி, கையை இதய மட்டத்தில் தாங்கி வைத்து, கைப்பருமனுக்கு ஏற்ற கஃபை (காற்றடிக்கும் பட்டையை) சுற்ற வேண்டும் என்றுதான் படிப்பில் சொல்லித்தருகிறார்கள். வேலைக்கு வந்தால் வெளியே கூட்டம், உள்ளே டாக்டர் அவசரப்படுகிறார், கையில் கிடைத்த கஃபைச் சுற்றிவிட வேண்டியதுதான். சிறிய கஃப் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும், அதை நம்பி மாத்திரை மாறினால் யார் பொறுப்பு? ரத்தம் எடுப்பதும் அப்படித்தான், ஊதா மூடிக் குழாயை முதலில் நிரப்பிவிட்டு அப்புறம் மற்றதை நிரப்பினால், அதிலுள்ள, ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ என்ற பொட்டாசியம் உப்பு துளி கலந்தாலும் பொட்டாசியம் அளவு தப்பாக ஏறிவிடும். சந்தேகம் கேட்டால் "இதுகூடத் தெரியாதா" என்று நோயாளி முன்னாலேயே எரிந்து விழுகிறார்கள். அந்தப் பிள்ளை அடுத்த முறை வாயே திறக்காது, ஊகித்துச் செய்யும். சரி, ஆள் பற்றாக்குறை எல்லா இடத்திலும் இருக்கிறது, புரிகிறது, ஆனாலும் முதல் சில வாரங்களாவது அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்திலேயே நிறுத்துங்கள்.